முதல் கல்லிலேயே வாய் சேர வேண்டும்

சவரக்கத்தி தீட்டப் பழக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது கடைசிக் கல்லைப் பற்றித்தான். 8000 போதுமா, 12000 வேண்டுமா, ஜப்பான் கல்லா, பெல்ஜியம் கல்லா என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் பின்னால். மழிக்காத கத்திகளில் பெரும்பாலானவை கெட்டுப்போவது முதல் கல்லில்தான். 1000 கல்லில் (எண் குறையக் குறையக் கல் முரடு) வாய் சேராத, அதாவது இரண்டு பக்கச் சாய்வும் கூர் விளிம்பில் சந்திக்காத கத்தியை எவ்வளவு உயர்ந்த கல்லில் தேய்த்தாலும் அது பளபளக்குமே தவிர மயிரை எடுக்காது. இந்த அத்தியாயத்தில் அந்த ஒரு கல்லுக்கு அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

கத்தியைப் பார்த்து வாங்குவது

சமையலறைக் கத்தியை எந்தச் சாய்வில் பிடித்துத் தேய்ப்பது என்பதை நம் கை முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அதைக் கத்தி செய்தவரே முடிவு செய்துவிட்டார். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதுகு 5 மி.மீ. தடிப்பும், முதுகிலிருந்து வாய்வரை 18 மி.மீ. அகலமும் இருந்தால் இரண்டு சாய்வுகளுக்கும் இடையே ஏறக்குறைய 16 பாகை வரும். கோணம் பிடிக்கத் தெரியாதே என்று புதியவர் பயப்படத் தேவையில்லை. முதுகைக் கல்லிலிருந்து தூக்காமல் இருந்தால் போதும்.

பழைய கத்தி வாங்குவதே நல்லது. புதிதாக மலிவு விலைக்கு விற்கும் பளபளப்பான கத்திகளில் பல, கத்தி வடிவத்தில் வெட்டிய தகடுகள். இரும்பு மிருதுவாக இருப்பதால் கூர் நிற்காது. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் சலூன்களில் ஓடிய கத்திகள் இன்னமும் காயலான் கடைகளிலும், தொழிலை விட்ட குடும்பங்களின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. காம்பில் சோலிங்கன் என்றோ ஷெஃபீல்ட் என்றோ கத்தி செய்த ஊரின் பெயர் பொறித்திருக்கும். மேல் துரு பரவாயில்லை. வாயை ஒட்டிய துருப்பள்ளம் ஆகாது. கத்தியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முதுகும் வாயும் முழு நீளத்துக்கும் படிந்தால் நல்லது. ஒரு மூலை ஆடினால் கத்தி முறுக்கிக்கொண்டிருக்கிறது, முதல் கத்தியாக அது வேண்டாம். முதுகில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் தேய்ந்திருந்தால், முன்பு தீட்டியவர் ஒரு பக்கமாகவே அழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். அதையும் தள்ளிவிடுங்கள். வாயில் கண்ணுக்குத் தெரியும் பல் விழுந்த கத்தியை இந்தப் பாடம் முழுவதும் கைவந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஷெஃபீல்ட் கத்தி கையில் கிடைத்தால் நம் சேத்தியாத்தோப்புப் பகுதிக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உருக்கு ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிமத்திலிருந்து வார்த்த இரும்பு இங்கிருந்து கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போனது. ஆலை நிலைக்கவில்லை. ஆனால் ஹீத் ஊர் திரும்பி, உருக்கு வார்க்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு ஷெஃபீல்ட் உருக்கின் விலை வெகுவாக இறங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சவரத் தொழில் செய்தவர்கள் மெச்சிய அந்த ஊர்க் கத்திகளின் வரலாற்றில் நம் ஆற்று முகத்துவாரத்துக்கும் பங்குண்டு. பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கல் என்பது சுட்ட மண்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அதற்கென்றே ஒரு செராமிக் கல்விக்கூடமும் இருக்கின்றன. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் எல்லாம் அங்கே சூளையில் வேகின்றன. அந்தச் சூளை வேலையைப் பார்த்தவருக்குச் சாணைக்கல்லைப் புரிந்துகொள்வது எளிது. செயற்கைச் சாணைக்கற்களில் ஒரு பெரிய வகை, கடினமான துகளைக் களிமண்ணோடும் ஃபெல்ட்ஸ்பாரோடும் பிசைந்து அச்சில் அழுத்திச் சுட்டவை. சூட்டில் களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் கண்ணாடியாக உருகித் துகள்களைப் பிடித்துக்கொள்கின்றன. பீங்கானில் அந்தக் கண்ணாடி பாத்திரத்தை இறுக்குகிறது. இங்கே அது துகளைத் தாங்கி நிற்கிறது. வேலை நடக்க நடக்க மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத் துகள் மேலே வர வேண்டும். உதிராத கல் வழுக்கும், அளவுக்கு மேல் உதிரும் கல் சீக்கிரம் குழியும்.

துகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று அலுமினா. சேலம், நாமக்கல் பக்கம் பூமியில் கிடைக்கும் குருந்தக்கல்லும் அதுதான். அந்தக் காலத்தில் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியில் குருந்தம் பொதிந்த பாறை இருக்கிறது.  இன்னொன்று சிலிக்கன் கார்பைடு, கடைகளில் கார்போரண்டம் என்று கேட்கும் சரக்கு. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின் உலையில் இதை உண்டாக்கினார். அந்தச் சரக்கின் பெயரிலேயே சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டது.

நம் வீடுகளில் கத்தி மழுங்கினால் ஊறுகாய் ஜாடியின் அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுப்பார்கள். மெருகு ஏற்றாத பீங்கான் இரும்பைவிடக் கடினம், அதனால் அது வேலை செய்கிறது. ஆனால் அந்த வளையத்தைச் சவரக்கத்திக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். அது மட்டமாக இருக்காது, துகளும் ஒரே அளவில் இருக்காது. தெருவில் சக்கரம் மிதித்து வருகிற சாணைக்காரரிடமும் இதைக் கொடுக்கக் கூடாது. அவர் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் நல்லவர். சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது என்பதால் காய்ந்த சக்கரத்தில் ஒரு நொடியில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் சூடு ஏறக்குறைய 300 பாகையைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் பதம் போயிற்று. அதை மீட்க முடியாது.

ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல் உளிக்கும் மண்வெட்டிக்கும் உரியது. அதன் நயமான பக்கம்கூட நமக்கு முரடு. வேண்டியது தண்ணீர்க் கல்: 1000, 4000, 8000 என்று மூன்று. ஜப்பானிய அளவுமுறையில் 1000 கல்லின் துகள் 11, 12 மைக்ரான். 4000 என்றால் 3 மைக்ரான், 8000 என்றால் 1 மைக்ரானுக்குச் சற்று மேல். தலைமயிர் ஒன்றின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரான்வரை என்று வைத்துக்கொண்டால் இந்த எண்கள் பிடிபடும். இவை நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது, வரவழைக்கத்தான் வேண்டும். பணம் குறைவென்றால் 1000 கல்லை நல்லதாக வாங்குங்கள், மற்றதில் சிக்கனம் பாருங்கள். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுட்ட கற்களில் பல, கால் மணி நேரம் ஊறினால்தான் வேலை செய்யும். சுடாமல் மக்னீசியாவால் இறுக்கிய கற்களை ஊறப்போட்டால் நாளடைவில் வெடித்துவிடும். அவற்றுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும்.

கல்லை மட்டமாக்குவது

புதுக் கல் மட்டமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை வாங்கி மேசையில் ஈரத்துணி விரித்து அதன் மேல் வையுங்கள். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள், 220 நம்பர் போதும். பேப்பரை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவிட்டு, கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுத் தேயுங்கள். கோடு எல்லாம் ஒருசேர அழியும்வரை தேய்க்க வேண்டும். நடுவில் கோடு மிஞ்சினால் அங்கே குழி. பிறகு கல்லின் நான்கு விளிம்புகளையும் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பு கத்தியின் வாயில் பல் விழச்செய்யும்.

குழிந்த கல்லில் கத்தியின் நடுப்பகுதி தொடாது. கற்றுக்கொள்பவர் அதைத் தன் கைக் குற்றம் என்று நினைத்து மேலும் அழுத்துவார். கையைக் குறை சொல்வதற்கு முன் கல்லைப் பாருங்கள். ஒவ்வொரு தடவை தீட்ட உட்காரும்போதும் பென்சில் கோடு போட்டுச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

1000 கல்

வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் உட்காருங்கள். கத்தியின் இரண்டு சாய்வுகளிலும் முழு நீளத்துக்கு மார்க்கர் பேனாவால் மை தடவுங்கள். முதுகு தேயக் கூடாது என்று நினைத்தால் முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். கோணம் ஒரு பாகைக்கும் குறைவாகவே கூடும். ஒட்டினால் கடைசிக் கல்வரை ஒட்டியே இருக்க வேண்டும், நடுவில் எடுத்தால் வாய் கல்லைத் தொடாது.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காம்பைப் பிடியுங்கள். மணிக்கட்டு இறுகக் கூடாது. கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். கல்லின் அந்தக் கோடியை அடைந்ததும் முதுகின் மேலேயே உருட்டிப் புரட்டி, மறுபக்கத்தைப் படியவைத்து உங்களை நோக்கி இழுங்கள். புரட்டுவது எப்போதும் முதுகின் மேல்தான். வாயின் மேல் ஒரு தடவை புரட்டினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். கல்லின் அகலம் கத்தி நீளத்துக்குப் போதாமல் இருக்கும் என்பதால் நேராகத் தள்ளாமல் குறுக்காகத் தள்ளுங்கள். காம்பை ஒட்டிய அடிப்பகுதியில் தொடங்கி, கல்லின் கோடிக்கு வரும்போது நுனி கல்லில் இருக்க வேண்டும். வாய் லேசாக வளைந்த கத்தியானால் அந்த ஓட்டத்தோடு கையையும் மெல்லச் சாய்த்துக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு துடைத்து மையைப் பாருங்கள். எங்கே மை போயிருக்கிறதோ அங்கே கல் தொட்டிருக்கிறது. சாய்வின் மேல்பாதியில் மட்டும் போய், வாயை ஒட்டி மெல்லிய கோடாக மை நின்றால் வாய் இன்னும் சேரவில்லை. எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். கண்ணுக்குச் சாய்வு பளிச்சென்று தெரியும், முடிந்தது என்று 4000க்குப் போய்விடுவார்கள். அங்கே இரண்டு மணி நேரம் தேய்ப்பார்கள். ஒன்றும் நடக்காது, ஏனென்றால் 3 மைக்ரான் துகளால் அந்த மிச்ச இரும்பை அவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியாது.

வாய் சேராவிட்டால் கல்லிலேயே நில்லுங்கள். ஒரு பக்கம் 30 சிறு வட்டங்கள், மறுபக்கம் 30 என்று செய்யலாம். அப்போது மறுகை விரலால் லேசாகத் தாங்கலாம், ஆனால் விரல் முதுகுப் பக்கமாக இருக்கட்டும். வாயின் மேல் அழுத்தினால் அது வளைந்து கல்லைவிட்டு விலகும். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். வட்டம் முடிந்தபின் 20 தடவை மாறிமாறித் தள்ளியிழுங்கள், ஒவ்வொரு ஐந்துக்கும் கையின் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி ஐந்தில் கத்தியின் சொந்த எடை மட்டுமே கல்லில் இருக்க வேண்டும்.

வாய் சேர்ந்ததா என்று மூன்று விதமாகப் பார்க்கலாம். முதலில் கத்தியை வாய் மேலாக நிமிர்த்தி விளக்குக்கு நேரே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். சேர்ந்த வாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் புள்ளியாக எது மின்னினாலும் அந்த இடம் மொட்டை. அடுத்து தண்ணீர். கல்லில் தண்ணீர் தாராளமாக இருக்கும்போது கத்தியைத் தள்ளினால், வாய்க்கு முன்னால் ஓடும் தண்ணீர் விளிம்பு முழுக்கக் கத்தியின் மேல் ஏறி வர வேண்டும். ஓரிடத்தில் தண்ணீர் அடியில் நுழைந்து போனால் அங்கே கத்தி கல்லைத் தொடவில்லை. மூன்றாவது முன்கை மயிர். 1000 கல்லிலிருந்து நேராக எடுத்த கத்தி, தோலை ஒட்டி வைத்தால் அடியிலிருந்து நுனிவரை எந்த இடத்திலும் முன்கை மயிரை எடுக்க வேண்டும். அடியில் எடுக்கிறது, நுனியில் எடுக்கவில்லை என்றால் நுனிக்குத் திரும்ப வேலை இருக்கிறது. இந்த மூன்றும் ஒத்துவரும்வரை அடுத்த கல்லைத் தொடாதீர்கள். ஒரு நாள் போகட்டும், இரண்டு நாள் போகட்டும்.

மற்ற கற்கள்

1000 சரியாக முடிந்தால் மற்றவை சிரமமில்லை. 4000இல் 30 இழுப்பு, 8000இல் 40 இழுப்பு, கத்தியின் எடைக்கு மேல் பாரமே கூடாது. ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் கத்தியையும் கையையும் கழுவுங்கள். முரட்டுத் துகள் ஒன்று 8000 கல்லுக்கு வந்து சேர்ந்தால் வாயில் கீறல் விழும். 8000 முடிந்ததும் முன்கை மயிரைத் தோலுக்கு மேலே, தொடாமல், பாதி உயரத்தில் அது வெட்ட வேண்டும்.

12000 வேண்டுமா என்று கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பேன். பெல்ஜியத்துக் கார்னெட் கல், ஜப்பான் இயற்கைக் கல் எல்லாம் நல்லவைதாம், கன்னத்தில் மிருதுவாக இருக்கும். ஆனால் 8000இல் முடித்துத் தோல் வாரில் நன்றாகத் தீட்டிய கத்தி சுகமாகவே மழிக்கும். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடை வாரில் பூசுகிறவர்கள் உண்டு. பீங்கான் மெருகுக்குப் பச்சை நிறம் கொடுப்பதும் இதே பொருள்தான். விருத்தாசலத்தில் கிடைக்கிறதே என்று அந்தச் சாயத்தை வாங்கிப் பூசாதீர்கள். நிறத்துக்காக அரைத்ததில் துகள் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. அரை மைக்ரான் என்று அளவு குறித்து விற்பதையே வாங்குங்கள்.

வார்

ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல், மேலே பாலிஷ் ஏறாதது, மூன்று விரலகலம் இருந்தால் வாருக்குப் போதும். வாரில் திசை தலைகீழ்: முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே இழுபட வேண்டும். வார் தொய்யக் கூடாது, தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். 50 தடவை போதும், வேகம் வேண்டாம். வேகமாக அடிப்பது பல வருடம் கை பழகியவர்கள் செய்வது. அவர்களைப் பார்த்து நாமும் செய்தால் வார் இரண்டாகும். பழைய தொழிலாளர்கள் கடைசியில் உள்ளங்கையிலேயே இரண்டு இழுப்பு இழுப்பதையும் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்து பார்க்க இந்தப் புத்தகம் அனுமதிக்கவில்லை.

மழிப்பதும் காப்பதும்

முகத்தை வெந்நீரில் நன்றாக ஊறவைத்துச் சோப்பு நுரை போடுங்கள். தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை 30 பாகைச் சாய்வில் வைத்து, முதல் சில வாரம் கன்னம் மட்டும். மோவாயும் தொண்டையும் பிறகு. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோசியோலி, தாசன் குழுவினர் சவர பிளேடு எப்படி மழுங்குகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள். மயிர் எஃகைவிட 50 மடங்கு மெது. அப்படியிருந்தும் மயிர் வளைந்துகொடுக்கும்போது, எஃகின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் வாய் சில்லுசில்லாகப் பெயர்கிறது என்று கண்டார்கள். கத்தியை நன்றாகத் தீட்டினாலும் ஊறாத தாடியில் போடாதீர்கள்.

சேத்தியாத்தோப்பில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். வீராணம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. மழித்ததும் கழுவித் துடைத்து, உலர்ந்த வாரில் பத்து இழுப்பு இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகும். குளியலறையில் வைக்கவே வேண்டாம். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 8000 கல்லில் பத்துப் பதினைந்து இழுப்பு இழுத்தால் போதும், 1000 கல்லுக்குத் திரும்பவே வேண்டியிருக்காது.

ஒரு கத்தி ஒருவருக்கு மட்டுமே. மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்திலும் பரவும். சலூன்கள் மாற்று பிளேடுக்கு மாறியது சரியான காரியம், அதை இந்தக் கத்தியைக் கொண்டு திருப்ப முயல வேண்டாம். அண்ணன் தம்பியானாலும் கத்தியைப் பகிராதீர்கள். காயலான் கடையில் வாங்கிய கத்தியை முதல் வேலையாகச் சோப்பு நீரில் கழுவி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுக் கல்லில் வையுங்கள்.

நம் ஊர்ப் பக்கங்களில் இந்தக் கத்தியோடு முப்பது நாற்பது வருடம் வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளேடு வந்தபின் அவர்களிடம் யாரும் தீட்டுவதைப் பற்றிக் கேட்பதில்லை. உங்கள் தெருச் சலூனில் விசாரித்து, அப்படி ஒருவர் இருந்தால் ஐயா என்று போய் உட்காருங்கள். கத்தியை நீட்டி அவர் கை எப்படிப் புரட்டுகிறது என்று பாருங்கள். பாடத்துக்கு உரிய பணத்தைக் கேட்காமலே கொடுத்துவிட்டு வாருங்கள்.